மார்ஜின் க்ளியர், ஆனாலும் திரும்ப வந்தது ஏன்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லூரி நண்பன் ஒருத்தன் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பியிருந்தான். ஒன்று, சில வருஷத்துக்கு முன்னால் அவன் அப்பாவுக்கு நடந்த வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனின் பேதாலஜி ரிப்போர்ட். இன்னொன்று, இப்போது எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட். பழைய ரிப்போர்ட்டில் ஒரு வரியைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருந்தான். எல்லா மார்ஜினும் க்ளியர், மிக அருகில் இருப்பதே 8 மில்லிமீட்டர் என்று சொல்லும் வரி அது.

ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"டேய், எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு தானே சொன்னாங்க? மார்ஜின் க்ளியர்னு அவங்களே எழுதியிருக்காங்க. அப்புறம் எப்படிடா அதே பக்கம் வந்துச்சு? ஒழுங்கா எடுக்கலையா?"

பின்னால் அவன் அப்பாவின் குரலும் கேட்டது. ஆபரேஷன் ஆன நாக்கு சரியாகத் திரும்பாது, ஆனாலும் புரிந்தது. "முப்பது வருஷப் பழக்கத்த ஒரே நாள்ல விட்டேன். விட்டும் வந்துருச்சுல்ல. அப்புறம் எதுக்கு விட்டேன்?"

நான் டாக்டர் இல்லை, திசுக்களோடும் செல்களோடும் மல்லுக்கட்டுகிற ஆராய்ச்சிக்காரன். அதனால் அவருக்கு என்ன சிகிச்சை என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் இந்த இரண்டு கேள்விகளும், அதாவது "சரியா எடுக்கலையா?" என்பதும் "எதுக்கு விட்டேன்?" என்பதும், தலை-கழுத்துப் புற்றுநோய் ஆராய்ச்சியில் எழுபது வருஷமாக உருளும் கேள்விகள். அன்று போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில், "க்ளியர்" என்றால் என்ன?

கட்டியை மட்டும் சுரண்டி எடுப்பதில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் தெரிகிற கட்டியைச் சுற்றி, நல்ல திசுவையும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சேர்த்தே சர்ஜன் வெட்டி எடுப்பார். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று தெரிவதற்காக ஓரங்களில் நூல் முடிச்சு போட்டு அனுப்புவார்கள். பேதாலஜியில் அந்தத் துண்டின் வெட்டு விளிம்புக்கு மை தடவுவார்கள். அப்புறம் ஃபார்மலினில் ஊறவைத்து, சில மில்லிமீட்டர் தடிமனில் துண்டு போட்டு, மெழுகில் பதித்து, அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை இருக்கிற விளிம்புக்கும் கடைசிப் புற்றுச் செல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் மார்ஜின். 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பொதுவாக க்ளியர் என்பார்கள். அதற்குக் குறைந்தால் "நெருக்கம்". ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்தால், கட்டி விளிம்பைத் தொட்டுவிட்டதாகவே பலரும் கணக்கு வைப்பார்கள். வெட்டிய திசு சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். அதனால் ரிப்போர்ட்டில் 8 மில்லிமீட்டர் என்றால் வாய்க்குள் அது அதைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

ஆக நண்பனின் அப்பாவுக்கு சர்ஜன் தாராளமாகத்தான் எடுத்திருக்கிறார்.

இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. மெழுகுக் கட்டிக்குள் இருக்கும் திசுத் துண்டின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைடில் ஏறும் சீவலின் தடிமன் 4 மைக்ரான். அப்படியென்றால் ஒரு சீவலில் நாம் பார்ப்பது 750-ல் ஒரு பங்கு. கூடுதலாகச் சில சீவல் எடுத்தாலும் மீதி எல்லாம் பார்க்கப்படாமல் மெழுகுக்குள்ளேயே இருக்கும். இது யாருடைய சோம்பேறித்தனமும் இல்லை. மொத்தத்தையும் சீவிப் பார்க்க உலகத்தில் எந்த லேபாலும் முடியாது.

ஆனால் இது மட்டும் காரணம் என்று நினைத்தால் தப்பு. 750 சீவலையும் எடுத்துப் பார்த்தாலும் கண்ணுக்குச் சிக்காத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

சிகாகோ, 1953

டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியான அதே 1953-ல், சிகாகோவில் ஸ்லாட்டர் என்ற சர்ஜனும் அவரோடு சவுத்விக், ஸ்மெய்கல் என்ற இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய் வந்த 783 பேரின் திசுக்களை வைத்து எழுதிய கட்டுரை. அவர்கள் கட்டியை மட்டும் பார்க்கவில்லை, கட்டியைச் சுற்றியிருந்த "நல்ல" பகுதியையும் பொறுமையாகப் பார்த்தார்கள்.

கட்டியைத் தாண்டியும் மேல்படலம் இயல்பாக இல்லை. தடித்திருந்தது, செல்கள் ஒழுங்கு கெட்டிருந்தன, சில இடங்களில் ஆரம்ப நிலைப் புற்றே தனித்தீவாக இருந்தது. 783 பேரில் 11.2 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள். தற்செயலாக ஒரே ஆளுக்கு இரண்டு முறை வருவதற்கான வாய்ப்பைவிட இது மிக அதிகம்.

ஸ்லாட்டர் சொன்ன முடிவு இதுதான். நோய் வந்தது ஒரு புள்ளிக்கு இல்லை, ஒரு பரப்புக்கே. புற்றை உண்டாக்கும் ஏதோ ஒன்று பட்ட வாய் முழுக்கவே ஒரு மாதிரி தயாராகிவிடுகிறது. அதில் எங்கோ ஒரு இடம் முதலில் முளைக்கிறது, அவ்வளவுதான். முளைத்ததை எடுத்தால் பரப்பு அப்படியேதான் இருக்கிறது. இதற்கு அவர் வைத்த பெயரில் இருந்த சொல்லைத் தமிழில் நேராகச் சொன்னால் "வயல்". நமக்கு இதைப் புரியவைக்கத் தனி உதாரணமே வேண்டாம். களையை வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை எங்கே போகும்?

அன்றைக்கு அவருக்குக் கையில் இருந்தது மைக்ரோஸ்கோப் மட்டும்தான். அந்தப் பரப்பில் உண்மையில் என்ன மாறியிருக்கிறது என்று தெரிய இன்னும் நாற்பது வருஷம் ஆனது.

ஒரு செல் எப்படி வயலாகிறது

வாய்க்குள் இருக்கும் படலம் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் திசு. அடி வரிசையில் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகும், பிறந்த செல்கள் மேலே மேலே தள்ளப்பட்டு, கடைசியில் எச்சிலோடு உதிர்ந்துபோகும். இந்தச் சுற்று முடிய இரண்டு மூன்று வாரம் போதும். காரமோ சூடோ பட்ட வாய் சட்டென்று ஆறுவது இதனால்தான்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். எல்லாம் உதிர்ந்து போகிறதென்றால் புகையிலை செய்த சேதமும் உதிர்ந்து போகவேண்டாமா? மேல் வரிசைச் செல்லில் நடந்த சேதம் போய்விடும். அடி வரிசையில், பிரிந்துகொண்டே இருக்கிற தாய்ச் செல்லில் நடந்தது போகாது. அதன் பிள்ளைகள் எல்லாம் அந்தத் தப்போடுதான் பிறக்கும்.

அந்தத் தப்பு பி53 என்ற ஜீனில் விழுந்தால் விஷயம் பெரிதாகிறது. டி.என்.ஏ-வில் அடிபட்ட செல்லை "நில், சரி செய், முடியாவிட்டால் செத்துப்போ" என்று நிறுத்துவது பி53-தான். அது கெட்ட செல் அடிபட்டாலும் நிற்காது. பக்கத்துச் செல்கள் நிற்கும்போது இது மட்டும் பிரியும். முதலில் ஒரு திட்டாக, இருநூறு செல் அகலத்துக்கும் குறைவாக இருக்கும். அதில் ஏதோ ஒரு செல்லுக்கு இன்னொரு மாற்றமும் சேர்ந்தால், திட்டு பக்கவாட்டில் பரவ ஆரம்பிக்கும். பக்கத்து நல்ல செல்களை இடித்துத் தள்ளி அந்த இடத்தில் தான் உட்காரும். மில்லிமீட்டர்கள் சென்டிமீட்டர்களாகும். 7 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான வயல்களைக்கூட ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வாய் என்பது எவ்வளவு சின்ன இடம் என்று யோசித்தால் இந்த எண்ணின் பயங்கரம் புரியும்.

1996-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கலிஃபானோவும் சிட்ரான்ஸ்கியும் மற்றவர்களும் இந்த மாற்றங்கள் பொதுவாக எந்த வரிசையில் சேர்கின்றன என்று ஒரு வரைபடம் போட்டார்கள். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு குரோமோசோமும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. புற்றை நோக்கிப் போகும் செல்லில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரு பிரதி காணாமல் போகிறது. பெரும்பாலும் முதலில் போவது 9-ம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு பகுதி. செல் பிரிவதற்கு பிரேக் போடும் பி16 ஜீன் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் 3-ம் குரோமோசோம், பி53 இருக்கும் 17-ம் குரோமோசோம் என்று போகும். வரிசை அப்படியே மாறாமல் நடக்கும் என்றில்லை. எத்தனை சேர்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று அவர்களே சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஒன்றிரண்டு இழப்புகள் நடந்த செல், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் சாதாரணச் செல் மாதிரியேதான் இருக்கும். உருவம் கெடுவது பிறகு. பேதாலஜிஸ்ட் உருவத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவர் "இங்கே புற்று இல்லை" என்று எழுதினால் அது உண்மைதான். "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அவர் எழுதவே இல்லை. அப்படிப் படித்துக்கொண்டது நாம்.

க்ளியர் மார்ஜினுக்குள் தேடியபோது

1995-ல் அதே சிட்ரான்ஸ்கியின் குழு ஒரு எளிமையான, ஆனால் ஆளைத் தூக்கிப்போடும் சோதனையைச் செய்தது. கட்டியில் பி53 மாற்றம் இருந்து, மைக்ரோஸ்கோப்பில் மார்ஜின் முழுக்க க்ளியர் என்று முடிவான 25 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருத்தர் கட்டியிலும் பி53 எந்த எழுத்தில் மாறியிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். அது அந்தக் கட்டியின் கைரேகை மாதிரி. அப்புறம் அதே கைரேகை மார்ஜின் திசுவில் இருக்கிறதா என்று, பத்தாயிரம் செல்லில் ஒன்று இருந்தாலும் பிடிக்கும் முறையில் தேடினார்கள்.

25-ல் 13 பேருக்கு இருந்தது. அந்த 13 பேரில் 5 பேருக்கு அதே இடத்தில் நோய் திரும்பியது. கைரேகை இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

சின்ன ஆய்வுதான். ஆனால் "க்ளியர்" என்ற சொல்லுக்குள் இரண்டு கூட்டம் ஒளிந்திருக்கிறது என்று காட்டிவிட்டது.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. மார்ஜினில் கிடைத்த அந்தச் செல்கள் கட்டியிலிருந்து பிரிந்துவந்த புற்றுச் செல்களா, இல்லை கட்டிக்கு முன்பே அங்கே இருந்த வயலா? பி53 மாற்றம் மட்டும் பார்த்தால் பிரிக்க முடியாது, ஏனென்றால் அது இரண்டிலும் இருக்கும். இதற்கு ஆம்ஸ்டர்டாமில் பிராக்ஹாயிஸ், பிராக்கன்ஹாஃப், டாபோர் ஆகியோரின் குழு வழி கண்டுபிடித்தது. ஒரு குடும்பத்தின் வம்சாவளி மாதிரி யோசியுங்கள். வயலில் இருக்கும் செல்லில் முதல் சில மாற்றங்கள் மட்டும் இருக்கும். கட்டியில் அவையும் இருக்கும், பிறகு சேர்ந்தவையும் இருக்கும். மார்ஜினில் கிடைத்த செல்லில் முன்னவை மட்டும் இருந்தால் அது கட்டியின் பிள்ளை இல்லை, கட்டியின் பாட்டி. 2001-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 28 பேரில் 10 பேருக்குக் கட்டியைச் சுற்றி இப்படி ஒரு வயல் இருந்தது. அதில் 7 பேருக்கு அது வெட்டு விளிம்பு வரைக்கும் போயிருந்தது. அதாவது மீதி வயல் நோயாளியின் வாயிலேயே இருந்தது.

ஆக "திரும்ப வந்துருச்சு" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வெவ்வேறு விஷயம்.

ஒன்று, ஆபரேஷனில் தப்பிய புற்றுச் செல்கள் திரும்ப வளர்வது. இது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் தெரிந்துவிடும். இரண்டு, மிச்சமிருந்த வயலில் இன்னொரு செல் புதிதாகக் கட்டியாவது. பழைய கட்டிக்கு இது தங்கச்சி, ஒரே பாட்டி, வேறு அம்மா. மூன்று, எந்த உறவும் இல்லாத இன்னொரு கட்டி, வாயின் வேறு மூலையிலோ தொண்டையிலோ உணவுக்குழாயிலோ. அதே புகையிலை அங்கேயும் பட்டிருக்கிறது என்பது மட்டுமே சம்பந்தம்.

நண்பனின் அப்பாவுக்கு முதலில் வந்தது இடது கன்னத்தின் உள்பக்கம். இப்போது வந்திருப்பது அதே பக்கத்தில் கீழ் ஈறு ஓரம், பழைய தழும்புக்கு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஐந்து வருஷம் கழித்து. ஜீன் பரிசோதனை செய்யாமல் இது எந்த வகை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடமும் காலமும் இரண்டாவதைத்தான் கைகாட்டுகின்றன. "சரியா எடுக்கலையா?" என்ற கேள்விக்கு என் பதில் இது. எடுத்தார்கள். எடுக்கவேண்டியது எது என்பதே கத்திக்கும் கண்ணுக்கும் அப்போது தெரியாது.

அப்படியென்றால் வயலையே எடுத்துவிட்டால்?

எவ்வளவு எடுப்பீர்கள்? கன்னம், ஈறு, நாக்கு, அண்ணம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மனுஷன் எப்படிச் சாப்பிடுவார், எப்படிப் பேசுவார்? நீல ஒளி பாய்ச்சி, கெட்ட பகுதி மட்டும் இருட்டாகத் தெரியும்போது அந்த எல்லையை வைத்து வெட்டலாமா என்று கனடாவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. சாதாரண வெளிச்சத்தில் செய்த ஆபரேஷனைவிட நோய் திரும்புவது குறையவில்லை.

மாத்திரையால் வயலைச் சரிசெய்யலாமா என்றும் பார்த்தார்கள். 1990-ல் ஹூஸ்டனில் வான் கி ஹாங் என்ற டாக்டரின் குழு, சிகிச்சை முடிந்த 103 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயினை அதிக அளவில் ஒரு வருஷம் கொடுத்தது. மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்துக்கும், எடுக்காதவர்களில் 24 சதவீதத்துக்கும் இரண்டாவது கட்டி வந்தது. பெரிய பரபரப்பு. ஆனால் அந்த அளவு மருந்தைத் தாங்க முடியாமல் பலர் பாதியில் விட்டார்கள். சரி, குறைந்த அளவில் கொடுத்துப் பார்ப்போம் என்று 1,190 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006-ல் வந்தது. பலன் இல்லை. அடுத்து எர்லோட்டினிப். குரோமோசோம் இழப்பு இருந்து ஆபத்து அதிகம் என்று தேர்ந்தெடுத்த 150 பேருக்குச் சோதித்தார்கள். 2016-ல் முடிவு: மூன்று வருஷம் புற்று வராமல் இருந்தவர்கள் மருந்துக் கூட்டத்தில் 70 சதவீதம், வெறும் மாத்திரைக் கூட்டத்தில் 74. இதுவும் தோல்வி.

தோற்ற ஆய்வுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் யாராவது உங்களிடம் வந்து "வாய்ப் புற்று திரும்ப வராம இருக்க இந்த மாத்திரை, இந்தப் பொடி" என்று விற்றால், இந்த மூன்று எண்ணையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நார்மல் என்று ஒன்று இருக்கிறதா?

2018-ல் இங்கிலாந்தில் சாங்கர் இன்ஸ்டிடியூட்டின் குழு, புற்றுநோயே இல்லாத ஒன்பது பேரின் உணவுக்குழாயைச் சின்னச் சின்னத் துண்டாக ஆராய்ந்தது. உணவுக்குழாயின் படலமும் வாயின் படலமும் ஒரே குடும்பம். நடுவயது தாண்டியவர்களிடம் ஆரோக்கியமான படலத்தின் பெரும்பகுதியை மாற்றம் அடைந்த குளோன்களே பிடித்திருந்தன. பி53 மாறிய செல்களும் அதில் உண்டு. நாட்ச்1 என்ற ஜீன் மாறிய செல்கள் புற்றுநோய்க் கட்டிகளில் இருப்பதைவிட நல்ல படலத்தில்தான் அதிகமாக இருந்தன!

வயல் என்பது யாரோ சிலருக்கு வரும் சாபம் இல்லை, வயதான எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும் விஷயம் என்று இதிலிருந்து தெரிகிறது. மார்ஜினில் ஒரு மாறிய செல் இருந்தாலே புற்று வரும் என்று சொல்ல முடியாது. பெரும்பாலான திட்டுகள் அப்படியே இருந்து நம்மோடு முடிந்துபோகும். எந்தத் திட்டு கட்டியாகும் என்பதை எது முடிவு செய்கிறது? அடுத்தடுத்து விழும் அடி. 2019-ல் ஜப்பானில் கியோட்டோ குழு பார்த்தபோது, அதிகமாகக் குடித்தும் புகைத்தும் வந்தவர்களிடம் இந்தக் குளோன்கள் வேகமாகப் பெருகியிருந்தன.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் எச்.பி.வி வைரஸால் வரும் புற்று இந்தக் கதைக்குள் அடங்காது. அங்கே பி53 மாற்றம் அடைவதில்லை, வைரஸின் புரதம் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. டான்சிலின் குழிகளுக்குள் ஒரு மூலையில் நடக்கும் வேலை அது. வாய் முழுக்க வயல் விரிவதில்லை, அதனால் இரண்டாவது கட்டி வருவதும் குறைவு. அமெரிக்காவில் இப்போது அதிகமாகும் தொண்டைப் புற்று இந்த வகை. நம்ம ஊர் வாய்ப் புற்று பெரும்பாலும் இது இல்லை.

நெய்யூரும் கொடுப்பும்

நம்ம ஊர் வகை என்ன என்று தெரிய வெகுதூரம் போகவேண்டாம். இன்றைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் நெய்யூர், அன்றைக்குத் தெற்குத் திருவிதாங்கூர். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஓர் என்ற டாக்டர், 1933-லேயே லான்செட் இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி எழுதினார். காரணம், திசுவின் நிலை, சிகிச்சை என்று மூன்றையும் அலசிய கட்டுரை. ஸ்லாட்டருக்கு இருபது வருஷம் முன்னால்.

வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் மென்று கொடுப்புக்குள் அதக்கி வைப்பதுதான் பழக்கம். சிலர் அதக்கியபடியே தூங்கிவிடுவார்கள். புகைக்கிறவரின் வாயில் புகை எல்லா இடமும் படும். அதக்குகிறவரின் வாயில் ஒரே கன்னத்தில், ஒரே ஈறு ஓரத்தில், மணிக்கணக்காகச் சாறு ஊறும். வயல் எங்கே கெட்டியாக இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. நண்பனின் அப்பா அதக்கியது இடது பக்கம். இரண்டு கட்டியும் இடது பக்கம்.

"புகையிலை போடாம வெறும் பாக்கு மட்டும்தான்" என்று சொல்கிறவர்களுக்காக ஒரு வரி. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் வெளியிட்ட தொகுப்பிலேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. வாய் திறக்க முடியாமல் இறுகிப்போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் பாக்கின் வேலைதான். காரம் பட்டால் எரிச்சல், வாயில் மூன்று விரல் நுழையாதது, கன்னம் தடித்து நார்நாராகத் தட்டுப்படுவது என்று ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

அப்புறம் எதுக்கு விட்டேன்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் போனில் திணறினேன். இப்போது யோசித்து எழுதுகிறேன்.

பழக்கத்தை விட்ட அன்றே வயல் மறையாது. அடி வரிசையில் விழுந்த மாற்றம் அங்கேயேதான் இருக்கும். அதனால் விட்டும் வரலாம் என்பது உண்மை. ஆனால் திட்டு கட்டியாக மாற இன்னும் பல அடி விழவேண்டும், அந்த அடிகளை நிறுத்துவதுதான் விடுவதன் பலன். 2020-ல் சிகரெட்டை விட்டவர்களின் மூச்சுக்குழாயை ஆராய்ந்தபோது ஒரு ஆச்சரியம் கிடைத்தது. சேதமே ஆகாத மாதிரி இருந்த செல்கள், இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவர்களைவிட விட்டவர்களிடம் நான்கு மடங்கு இருந்தன. எங்கோ ஒளிந்திருந்த நல்ல செல்கள் மெல்ல வளர்ந்து இடத்தைத் திரும்பப் பிடிக்கின்றன. அது நுரையீரல், வாய் இல்லை, அதனால் இழுத்துப் பேசமாட்டேன். ஆனால் வாய்க்கும், மெல்லும் புகையிலையையும் பாக்கையும் விட்டால் புற்று வரும் ஆபத்து குறைகிறது என்று அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 2023-ல் சொல்லியிருக்கிறது.

இன்னொரு விஷயம். வயலை எடுக்க முடியாது என்றால் காவல் காக்கலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள், வேறு எந்தக் கருவியும் இல்லை. 2005-ல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. மாத்திரைகள் எல்லாம் தோற்ற இடத்தில் டார்ச் ஜெயித்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மூன்று வருஷம் ஒழுங்காகப் போய்விட்டு, "அதான் ஒண்ணும் இல்லையே" என்று செக்கப்பை நிறுத்துகிறவர்கள் அதிகம். வயலின் கணக்கு வருஷம் ஆக ஆகத்தான் ஏறும். வெள்ளைப் படை, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடும் பல் என்று எது தெரிந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவையும் எழுதி முடித்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். புது ரிப்போர்ட்டை நானும் திரும்பப் பார்த்தேன். கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. முதல் தடவை நாலு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனார். இந்தத் தடவை ஒரு செக்கப்பையும் தவறவிடாமல் போனதால் சிக்கியது. வலி இல்லை, அவருக்கே தெரியாது, பார்த்த டாக்டர்தான் கண்டுபிடித்தார்.

மறுநாள் அவரே போன் போட்டார். "தம்பி, நீ எழுதுனதுல பாட்டி, தங்கச்சினு என்னமோ வந்துச்சு, அது எனக்குப் புரியல. ஆனா திரும்பப் போட ஆரம்பிச்சா இன்னும் வரும்ங்கிற, அதானே?"

"ஆமாங்கப்பா."

"சரி. போடல."

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்.